மணலிக்குப் பக்கத்திலேயே இருந்தும் பெட்ரோல் ஏன் நூறு ரூபாய்?

திருவொற்றியூரிலோ மாத்தூரிலோ மொட்டை மாடியில் ஏறி நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய்களும், அவற்றின் உச்சியில் எரியும் தீயும் கண்ணுக்குத் தெரியும். கச்சா எண்ணெய்க் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நிற்கிறது. அங்கிருந்து 17 கி.மீ. நீளமுள்ள 42 அங்குலக் குழாயில் எண்ணெய் மணலிக்குப் போகிறது. பெட்ரோலாக மாறியபின் டேங்கர் லாரி ஏறி பங்க்குக்கு வருகிறது. துறைமுகம், ஆலை, பங்க் மூன்றும் ஒரு மாநகரப் பேருந்து போகிற தூரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஆனாலும் மணலி பங்க்கில் போடும் பெட்ரோலுக்கும் தாம்பரத்தில் போடும் பெட்ரோலுக்கும் விலையில் சில காசுகள் வித்தியாசம் இருந்தாலே அதிகம்.

வடசென்னைக்காரர்கள் பலரும் கேட்கிற கேள்வி இது: ஆலையின் புகை எங்களுக்கு, விலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றா? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடினாலே பெட்ரோல் விலை எப்படி உருவாகிறது என்பது முழுதாகப் புரிந்துவிடும்.

முதலில் பங்க் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். 2025 நடுவில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய் 80 காசு. அதில் மத்திய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. அடுத்தது தமிழ்நாடு அரசின் வாட் வரி. அது இரண்டு துண்டாக இருக்கிறது: 13 சதவீதம் ஒரு துண்டு, அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு என்று நிலையான ஒரு துண்டு. இரண்டும் சேர்ந்தால் 21 ரூபாய் 80 காசுக்கு ஒட்டி வரும். ஆக, நீங்கள் கொடுக்கும் நூறு ரூபாயில் ஏறக்குறைய 43, 44 ரூபாய் வரி. பங்க் உரிமையாளருக்கான கமிஷன் 4 ரூபாய் சொச்சம். மிஞ்சுவது 52, 53 ரூபாய். கச்சா எண்ணெய், கப்பல் கூலி, சுத்திகரிப்பு, குழாய், கிடங்கு, எண்ணெய் நிறுவனத்தின் லாபம் எல்லாமே இந்தத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தை நேரடியாக ஆட்டிவைப்பது அந்த 52, 53 ரூபாயை மட்டும்தான். வரியெல்லாம் டெல்லியிலும் கோட்டையிலும் தீர்மானிக்கப்படுகிறது.

கச்சா எண்ணெயை பேரல் கணக்கில் விற்கிறார்கள். ஒரு பேரல் என்பது 159 லிட்டர். விலை டாலரில். எனவே செய்தியில் வரும் பேரல் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி 159ஆல் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்று வந்துவிடும். பேரல் 68 டாலர், டாலர் 86 ரூபாய் என்றால் லிட்டர் கச்சா எண்ணெய் 36 ரூபாய் 78 காசு. இதிலிருந்து இன்னொரு கணக்கும் கிடைக்கிறது. பேரலுக்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு 54 காசு ஏறும், அதன்மேல் 13 சதவீத வாட் சேர்ந்தால் 61 காசு. பத்து டாலர் ஏறினால் பங்க் விலையில் 6 ரூபாய் ஏற வேண்டும். எண்ணெய் விலை அப்படியே நிற்க, ரூபாய் மட்டும் ஒரு ரூபாய் சரிந்தால்கூட லிட்டருக்கு 48, 49 காசு ஏறும். எண்ணெய்ச் சந்தையில் ஒரு சலனமும் இல்லாதபோதும் பெட்ரோல் விலைக்கு அழுத்தம் வரக் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. ரூபாய் நோயில் படுத்தால் பெட்ரோலுக்கும் காய்ச்சல் வரும்.

செய்திகளில் பிரென்ட், டபிள்யூடிஐ என்று பேர்கள் அடிபடும். பிரென்ட் என்பது வட கடல் எண்ணெய். டபிள்யூடிஐ அமெரிக்க எண்ணெய். நமக்கு இரண்டையும்விட முக்கியமானது ‘இந்தியக் கூடை’ எனப்படும் சராசரி விலை. நம் ஆலைகள் வாங்கும் எண்ணெயின் விகிதப்படி ஓமன், துபாய் எண்ணெய் விலையை முக்கால் பங்குக்கு மேலும், பிரென்ட் விலையை மீதிப் பங்கும் சேர்த்து இதைக் கணக்கிடுகிறார்கள். வளைகுடா எண்ணெயில் கந்தகம் அதிகம். அதைப் ‘புளிப்பு எண்ணெய்’ என்பார்கள். கந்தகம் குறைந்தது ‘இனிப்பு எண்ணெய்’. புளிப்பு எண்ணெய் விலை குறைவு, ஆனால் கந்தகத்தைப் பிரிக்கத் தனி யூனிட் வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தர எரிபொருள் வந்துவிட்டதால், பெட்ரோலில் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. புளிப்பு எண்ணெயை வாங்கி இந்த அளவுக்குக் கொண்டுவருவதற்கும் செலவு இருக்கிறது.

சரி, அந்த டாலர் விலையே ஏன் இப்படி ஆடுகிறது? இதைப் புரிந்துகொள்ள காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்தால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வஞ்சிரம் விலை எங்கேயோ போய்விடும். தடை இல்லாத நாளிலும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினாலே ஏலத்தில் குரல் உயர்ந்துவிடும். மீன் இன்னும் குறையவில்லை, நாளைக்குக் குறையும் என்ற நினைப்பே இன்றைய விலையை ஏற்றுகிறது. எண்ணெய்ச் சந்தையும் அப்படித்தான். நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரும்பாலும் கைமாறுவது அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் கிடைக்கப்போகும் எண்ணெய்க்கான ஒப்பந்தங்கள். ஒரு ஒப்பந்தம் 1,000 பேரல். போர் வரும் என்ற பேச்சு கிளம்பினால் ஒரு துளி எண்ணெய்கூடக் குறையாத நிலையிலும் விலை ஏறும்.

மீனுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வஞ்சிரம் விலை ஏறினால் சங்கரா வாங்கலாம், இல்லையென்றால் முட்டைக் குழம்போடு சமாளிக்கலாம். எண்ணூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவர் பெட்ரோல் பத்து ரூபாய் ஏறியதற்காக நாளைக்கு வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரியும் நிற்காது. விலை ஏறினாலும் தேவை உடனே குறைவதில்லை. அந்தப் பக்கம், விலை ஏறிவிட்டது என்பதற்காக உற்பத்தியும் உடனே கூடாது. கடலுக்கடியில் புதிதாக ஒரு கிணறு தோண்டி எண்ணெய் எடுக்கப் பல வருஷம் ஆகும். அமெரிக்கப் பாறை எண்ணெய்க் கிணறுகளை மாதக்கணக்கில் தோண்டிவிடலாம், ஆனால் அவை சீக்கிரம் வற்றும். இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்காததால், நடுவில் இருக்கும் விலைதான் முழு அடியையும் வாங்குகிறது. உலகம் ஒரு நாளைக்கு 10 கோடி பேரலுக்கு மேல் எரிக்கிறது. அதில் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலே விலை பத்து, இருபது சதவீதம் தாவுவது இதனால்தான்.

2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவில் அப்கைக் என்ற இடத்தில் எண்ணெய் நிலையம் தாக்கப்பட்டது. ஒரே நாளில் 57 லட்சம் பேரல் உற்பத்தி நின்றது. திங்கட்கிழமை சந்தை முடியும்போது பிரென்ட் விலை ஏறக்குறைய 15 சதவீதம் கூடியிருந்தது. சவூதி சில வாரங்களில் நிலையத்தைச் சரிசெய்ததும் விலை இறங்கியது. அவசரத்துக்கு உடனே திறந்துவிடக்கூடிய கூடுதல் உற்பத்தித் திறன் பெரும்பாலும் சவூதியிடமும் ஐக்கிய அரபு அமீரகத்திடமும்தான் இருக்கிறது. உலகச் சந்தையின் தண்ணீர்த் தொட்டி அது. தொட்டி நிறைந்திருந்தால் சின்ன அதிர்ச்சிகளைச் சந்தை பொருட்படுத்தாது. தொட்டி காலியாக இருந்தால் ஒரு வதந்திக்கே விலை துள்ளும்.

அந்தத் தொட்டியின் குழாயை வைத்திருக்கும் கூட்டமைப்புதான் ஒபெக். 1960 செப்டம்பரில் பாக்தாத்தில் ஈரான், இராக், குவைத், சவூதி, வெனிசுலா ஐந்தும் கூடித் தொடங்கியது. 1973இல் அதன் அரபு உறுப்பினர்கள் எண்ணெய் அனுப்ப மறுத்தபோது, சில மாதங்களுக்குள் 3 டாலராக இருந்த பேரல் 12 டாலரை நெருங்கியது. 2016 கடைசியில் ரஷ்யாவும் வேறு சில நாடுகளும் கைகோத்ததால் இப்போது ‘ஒபெக் பிளஸ்’. இவர்கள் கூட்டம் போட்டு உற்பத்தியைக் குறைக்கிறோம் என்றால் விலை ஏறும், கூட்டுகிறோம் என்றால் இறங்கும்.

இன்னொரு இடத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: ஹோர்முஸ் நீரிணை. பாரசீக வளைகுடாவிலிருந்து வெளியே வர உள்ள ஒரே கடல்வழி. மிகக் குறுகிய இடத்தில் 33 கி.மீ. அகலம்தான், சென்ட்ரலிலிருந்து பொன்னேரி போகிற தூரம். சாதாரண நாட்களில் தினம் 2 கோடி பேரல் அளவுக்கு, அதாவது உலகத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு, இந்த வழியாகத்தான் போகிறது. சென்னைக்கு வரும் வளைகுடா எண்ணெயும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அங்கே பதற்றம் என்றால் எண்ணெய் விலை மட்டுமல்ல, கப்பலுக்கான காப்பீட்டுக் கட்டணமும் வாடகையும் ஏறும். இதுவும் லிட்டர் விலைக்குள் வந்து சேரும்.

மணலிக்கும் ஈரானுக்கும் பழைய உறவு உண்டு. பெரியவர்கள் இன்னமும் எம்.ஆர்.எல். என்று சொல்லும் ஆலையை 1965இல் இந்திய அரசும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும், அமெரிக்க எண்ணெய் நிறுவனமான அமோகோவும் சேர்ந்து தொடங்கின. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கியது, இப்போது 105 லட்சம் டன். அமெரிக்கத் தடை காரணமாக 2019 மே மாதத்துக்குப் பிறகு இந்திய ஆலைகள் ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தின. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் தள்ளுபடியில் கிடைத்த ரஷ்ய எண்ணெய், இந்திய இறக்குமதியில் மிகச் சிறிய பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தது. எந்த நாட்டு எண்ணெய் மணலிக் குழாயில் ஓடுகிறது என்பதை இப்படி உலக அரசியலும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இனி ஆலைக்குள். கச்சா எண்ணெயை உலையில் 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உயரமான டவருக்குள் அனுப்புகிறார்கள். லேசானவை ஆவியாகி மேலே ஏறும், கனமானவை கீழே தங்கும். உச்சியில் எரிவாயு, அதன் கீழே பெட்ரோலுக்கு மூலமான நாஃப்தா, பிறகு மண்ணெண்ணெய், டீசல், அடியில் தாரும் உலை எண்ணெயும். ஒரு பேரலை முழுக்கப் பெட்ரோலாக்கிவிட முடியாது என்பதைக் கவனியுங்கள். இந்திய ஆலைகளில் டீசலின் பங்கே பெரியது. பெட்ரோல் அதில் பாதிகூட வருவதில்லை. எனவே கச்சா எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும்போதுகூடப் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வரலாம்.

அப்படி வரும்போது ஏறுவது ‘கிராக்’ எனப்படும் இடைவெளி. கச்சா எண்ணெய் விலைக்கும் அதிலிருந்து வரும் பெட்ரோல் விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் அது. ‘ஷட்டவுன்’ வேலை என்றால் என்னவென்று மணலி, எண்ணூர் பக்கம் வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் கேட்டால் உடனே சொல்வார்கள். ஆலையின் ஒரு யூனிட்டை நிறுத்தி, டவரைத் திறந்து, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, துருப்பிடித்த குழாயை மாற்றி மறுபடி ஓட்டுவது. ஒன்று முடிய சில வாரங்கள் பிடிக்கும். பல நாடுகளில் ஒரே பருவத்தில் இப்படி ஆலைகள் நின்றாலோ, எதிர்பாராமல் பெரிய ஆலை ஒன்று தீப்பிடித்தாலோ, கச்சா எண்ணெய் விலை அசையாமலேயே பெட்ரோல் விலை ஏறும். ‘கச்சா எண்ணெய் இறங்கிவிட்டதே, பெட்ரோல் ஏன் இறங்கவில்லை’ என்று கேட்கும்போது இந்த இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

மணலிப் பெட்ரோல் மணலியில் ஏன் மலிவில்லை என்பதன் விடை இப்போது வருகிறது. ஆலை வாசலில் பெட்ரோலுக்கு வைக்கும் விலை, அதைத் தயாரிக்க ஆன செலவை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. 2006இல் மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு சொன்ன வழிப்படி, அதே பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தால் என்ன விலை ஆகியிருக்குமோ அதற்கு 80 பங்கும், இங்கிருந்து ஏற்றுமதி செய்திருந்தால் என்ன விலை கிடைத்திருக்குமோ அதற்கு 20 பங்கும் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். ஒருபோதும் கடலில் மிதக்காத மணலிப் பெட்ரோலுக்கும் கப்பல் கூலி கணக்கில் சேர்கிறது. ஆலை இங்கே இருப்பதால் மிச்சமாவது டேங்கர் லாரி கூலி மட்டும். அதன் அளவு எவ்வளவு என்றால், சென்னைக்கும் ஊட்டிக்கும் லிட்டருக்கு ஒன்று, இரண்டு ரூபாய் வித்தியாசம் வரும். பக்கத்தில் இருப்பதன் பலன் அவ்வளவுதான்.

வரிப் பக்கம் போவோம். இங்கேதான் பொதுமக்களுக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது, அது நியாயமும்கூட.

2020 ஏப்ரல் 20 அன்று, கொரோனா முடக்கத்தில் எண்ணெயைச் சேமிக்க இடமில்லாமல், அமெரிக்க டபிள்யூடிஐ மே மாத ஒப்பந்தம் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விற்பவர் கையிலிருந்து பணம் கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிட வேண்டிய நிலை. அந்த வாரங்களில் சென்னையில் பெட்ரோல் 72 ரூபாய் 28 காசு. மே முதல் வாரத்தில் அது குறைந்ததா? மாநில வரி உயர்ந்து 75 ரூபாய் 54 காசானது. அதையொட்டி மத்திய அரசும் கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாய் உயர்த்தி 32 ரூபாய் 98 காசாக்கியது. கச்சா விலை இறங்கியதால் கிடைத்த இடத்தை வரி நிரப்பிக்கொண்டது. பிறகு கச்சா எண்ணெய் மீண்டபோது வரி அங்கேயே நின்றதால் விலை மூன்றிலக்கத்துக்குப் போனது.

குறைத்ததும் உண்டு. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தது. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் திரும்ப ஏற்றியது. அப்போது கச்சா எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்ததால் பங்க் விலை மாறவில்லை, பலரும் கவனிக்கவும் இல்லை. கலால் வரியின் உள்கட்டமைப்பும் தெரிந்திருக்க வேண்டியது: 2025 நடுவில் இருந்த 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதியெல்லாம் கூடுதல் வரி, செஸ் என்ற பேரில் மத்திய அரசிடமே தங்குகிறது. மாநிலம் ஏன் தன் வாட்டை விட மறுக்கிறது, பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர ஏன் யாரும் அவசரப்படுவதில்லை என்பதற்கெல்லாம் இந்த 1 ரூபாய் 40 காசு ஒரு பெரிய காரணம்.

சட்டப்படி பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பிலிருந்து அரசு 2010 ஜூனிலும், டீசலிலிருந்து 2014 அக்டோபரிலும் விலகிவிட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாற வேண்டும். ஆனால் 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 காசில் அசையாமல் நின்றது. அந்தக் காலத்தில்தான் ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்தன, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, பிரென்ட் 139 டாலர் வரை தொட்டது. தேர்தல் முடிந்தபின், மார்ச் 22 முதல் இரண்டு வாரத்துக்குச் சற்று மேலான காலத்தில் ஏறக்குறைய பத்து ரூபாய் ஏறி 110 ரூபாய் 85 காசானது. மே மாத வரிக் குறைப்பில் 102 ரூபாய் 63 காசுக்கு இறங்கி, 2024 மார்ச் வரை ஏறக்குறைய இரண்டு வருஷம் அதே விலையில் நின்றது.

பங்க்குகளில் பத்துக்கு ஒன்பது பொதுத்துறை நிறுவனங்களின் கையில் இருப்பதால் விலையை இப்படி நிறுத்திவைக்க முடிகிறது. கச்சா எண்ணெய் உச்சியில் இருக்கும்போது அவை நஷ்டத்தைத் தாங்குகின்றன, இறங்கும்போது விலையைக் குறைக்காமல் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகின்றன. ஏற்றத்தின் முழு அடியும் ஒரே நாளில் மக்கள்மேல் விழாமல் தடுப்பது இதன் நல்ல பக்கம். எவ்வளவு ஈடுகட்டியாகிவிட்டது, எப்போது குறைக்க வேண்டும் என்பதற்கு வெளிப்படையான கணக்கு எதுவும் இல்லாதது கெட்ட பக்கம். தினசரி விலை என்று அறிவித்துவிட்டு அதை நிறுத்திவைப்பது சரியல்ல. நிறுத்துவதானால் காரணத்தையும் கணக்கையும் சொல்ல வேண்டும்.

எத்தனால் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இதனால் விலை குறையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து வரும் எத்தனாலின் கொள்முதல் விலை, வரியில்லாத பெட்ரோலைவிட அதிகமாகவே இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் அதில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜும் சற்றுக் குறையும். இறக்குமதிக்கான டாலர் மிச்சமாகிறது என்பது உண்மை. அந்த மிச்சம் பங்க் பில்லில் தெரிவதில்லை.

வரியின் எடையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் காசிமேட்டுக்குத்தான் மறுபடி போக வேண்டும். அங்கே பதிவுபெற்ற மீன்பிடிப் படகுகளுக்கு மாநில விற்பனை வரி இல்லாத டீசல் குறிப்பிட்ட அளவு கொடுக்கப்படுகிறது. மணலிப் பக்கத்து பங்க்கில் லாரிக்காரர் போடுவதும் அதே டீசல்தான். அவர் மாநிலத்துக்கு மட்டும் 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் வாட் கட்டுகிறார். படகுக்காரர் தன் ஒதுக்கீடு தீரும்வரை அதைக் கட்ட வேண்டியதில்லை. ஒதுக்கீடு தீர்ந்த மாதத்தில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.